மலையடிவாரத்தில் மலிவு லைசென்ஸ்

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள சாஃப்ட்வேர் ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா, கூடாதா? சித்தூரிலிருந்து திருப்பதி வரை இந்தக் கேள்வியோடு ஒரு பயணம்.

காட்பாடியைத் தாண்டி, கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியும் பின்னால் போன பிறகு கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சித்தூர் பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் தெலுங்கில் விலை சொல்கிறார், தமிழில் சில்லறை கேட்கிறார். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்த ஊர் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. ஆனாலும் மாம்பழம், வெல்லம், கல்யாண சம்பந்தம் எல்லாம் இன்றும் எல்லையைப் பார்க்காமல் போய் வருகின்றன.

இந்த முறை நான் இந்தப் பக்கம் வந்தது பெருமாளைச் சேவிக்க மட்டும் அல்ல. திருப்பதி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில் கடை வைத்திருக்கும் நண்பர் போனில் கேட்ட கேள்வியும் ஒரு காரணம். எட்டடி அகலக் கடை. மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாணப் பத்திரிகைக்கு டி.டி.பி. வேலை, தமிழ்நாட்டிலிருந்து வரும் பக்தர்களுக்கு அறை, தரிசனம், ரயில் டிக்கெட் பதிவு என்று பிழைப்பு ஓடுகிறது. "சார், விண்டோஸ் ஐநூறு ரூபாய்க்குத் தர்றாங்க. மூணு மெஷினுக்கு ஆயிரத்து ஐநூறுதான். கம்பெனி விலைன்னா ஒண்ணுக்கே பத்தாயிரத்துக்கு மேல ஆகுது. வாங்கிடலாமா?"

அவருடைய அவசரம் புரிந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. கூடுதல் காலத்துக்கான ஏற்பாட்டில் பதிவு செய்துகொள்ளாத கம்ப்யூட்டர்கள் அன்றிலிருந்து கதவைச் சாத்தாத வீடுகள். விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். மாறத்தான் மலிவு விலையில் ஆள் தேடி வந்திருக்கிறான் ஒரு வியாபாரி.

போனிலேயே 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். முப்பதாயிரமா, ஆயிரத்து ஐநூறா என்ற கணக்கில் ஒரு சின்னக் கடைக்காரருக்கு உபதேசம் செய்வது எளிது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார் என்பதுதான் கஷ்டம். "நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

சாவிகள் வரும் வழி

சித்தூர் கூழுக்குப் பெயர் போன ஊர். சாப்பிடும் கூழ் அல்ல, மாம்பழக் கூழ். தோத்தாபுரி என்றும், அதன் மூக்கைப் பார்த்துக் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் மாம்பழம் சுற்று வட்டாரத் தோப்புகளிலிருந்து லாரி லாரியாக வந்து தொழிற்சாலைகளில் கூழாகி டப்பாவில் அடைபடுகிறது. சீசன் இல்லாத நேரத்தில் ஊர் நிதானமாக மூச்சு விடுகிறது. வெல்ல மண்டிகளில் மட்டும் ஈக்களுக்கு ஓய்வில்லை. மண்டியானாலும் கூழ்த் தொழிற்சாலையானாலும் கணக்கு எழுதுவது இப்போது கம்ப்யூட்டரில்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்திருந்தவர்களும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப்போட வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் இருக்கும் ஊரில் அதைப் பழுது பார்க்கிறவரும் இருப்பார். சித்தூரில் நான் சந்தித்த சர்வீஸ்காரருக்கு இந்தத் தொழிலில் இருபது வருட அனுபவம். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு பேசினார். "ஆரம்பத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து சி.டி. வாங்கிட்டு வருவோம். ஒரே சி.டி.ல எல்லா சாஃப்ட்வேரும் இருக்கும். இப்ப சி.டி. போயிடுச்சு, சாவி வந்துடுச்சு. நானும் போட்டுக் கொடுத்திருக்கேன் சார், பொய் சொல்ல மாட்டேன்."

சாவி என்று அவர் சொல்வது 25 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசை. அதைத் தட்டினால் விண்டோஸ் திறந்துகொள்ளும். அந்த எண்களை யார் வேண்டுமானாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஐநூறு ரூபாய் சாவி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் விரல் விட்டு எண்ணிய வழிகள் இவை.

ஒன்று, பழைய கம்ப்யூட்டர்களின் சாவி. கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மைக்ரோசாஃப்ட் குறைந்த விலையில் லைசென்ஸ் கொடுக்கிறது. அது அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடு சாக வேண்டியது. மெஷின் காயலான் கடைக்குப் போகும்போது சாவியை மட்டும் உருவி விற்கிறார்கள்.

இரண்டு, மொத்தக் கொள்முதல் சாவி. ஒரு பெரிய நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குச் சேர்த்துக் கொடுத்த ஒரே சாவி. அங்கே வேலை பார்க்கும் யாரோ அதை வெளியே விடுகிறார்கள். அனுமதித்த எண்ணிக்கை தீரும்வரை எல்லோருக்கும் திறக்கும். நிறுவனம் விழித்துக்கொண்டு சாவியை ரத்து செய்தால் எல்லோருக்கும் ஒன்றாக மூடும்.

மூன்று, மாணவர்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் பரிசோதனைக்காகக் கொடுத்தவை. நான்கு, திருடிய கிரெடிட் கார்டில் வாங்கியவை. கார்டுக்குச் சொந்தக்காரர் பாங்கில் புகார் செய்யும்வரைதான் இவற்றுக்கு ஆயுள்.

ஐந்தாவது, சாவியே இல்லாதது. 'ஆக்டிவேட்டர்' என்ற பெயரில் ஒரு சின்ன புரோகிராம். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு அனுமதி கொடுக்க உள்ளேயே ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். அது கொடுக்கும் அனுமதி 180 நாளுக்குச் செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவேட்டர் அந்த சர்வர் மாதிரி வேஷம் போட்டு விண்டோஸை ஏமாற்றுகிறது. அதைப் போடுவதற்கு முன் ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்கள். "காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டுத் திருடனை உள்ள விடற மாதிரிதான்" என்கிறார் சர்வீஸ்காரர். அவர் சொல்வது வெறும் உவமை இல்லை. கே.எம்.எஸ். பிகோ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய போலிப் பதிப்பு, பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ நாணயக் கணக்குகளையும் திருடும் புரோகிராமைச் சுமந்து வந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது.

ஆக, மலிவு எல்லாம் ஒரே ரகம் அல்ல. வெறும் சாவியில் வைரஸ் இருக்காது. அதில் ஆபத்து அது எப்போது வேண்டுமானாலும் செல்லாமல் போவது. ஆக்டிவேட்டரில் ஆபத்து அது வேலை செய்துகொண்டே இருப்பது.

படிக்காமல் செய்த சத்தியம்

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் பதினொரு கிலோமீட்டர் சுமார். கரும்பும் மாந்தோப்பும் மாறி மாறி வரும் பாதை. காது கேளாத, வாய் பேசாத, கண் தெரியாத மூன்று சகோதரர்கள் தங்கள் நிலத்தில் கிணறு தோண்டியபோது சுயம்புவாக வெளிப்பட்டவர் என்பது இங்குள்ள வரசித்தி விநாயகரின் வரலாறு. இன்றும் அவரைச் சுற்றிக் கிணற்று நீர்தான். சகோதரர்களின் குறை மூன்றும் நீங்கியது என்பது நம்பிக்கை.

காணிப்பாக்கம் சத்தியத்துக்குப் பெயர் போன தலம். களவு, கடன் தகராறு, குடும்பச் சண்டை எதுவானாலும், குளத்தில் முழுகி எழுந்து சன்னதியில் நின்று சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவரைப் பிள்ளையார் விட மாட்டார் என்று இரண்டு மாநிலங்களிலும் நம்புகிறார்கள். ஆந்திர அரசியல்வாதிகள் மேடையில் ஒருவரையொருவர் "காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று கேட்பது வழக்கம். அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சத்தியம் செய்திருக்கிறோம். சாஃப்ட்வேரைப் போடும்போது நீளமான ஒப்பந்தம் திரையில் வரும். அடியில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தான். யாரும் படிப்பதில்லை, எல்லோரும் அழுத்துகிறோம். அந்த ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: உனக்கு எதுவும் விற்கப்படவில்லை, சில நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதி மட்டும் தரப்படுகிறது. ஐநூறு ரூபாய் சாவியை வாங்குகிறவர் வாங்குவது அந்த அனுமதியைக் கூட அல்ல. வேறொருவருக்குக் கொடுத்த அனுமதியின் எண்ணை மட்டும்தான்.

'காசு கொடுத்து வாங்கினேன், பிறகு எனக்கென்ன உரிமை இல்லை?' என்ற கேள்வி நியாயமானது. அதன் ஒரு பாதிக்கு பதில் கிடைத்ததே ஆந்திரத்தில் ஆரம்பித்த ஒரு வழக்கில்தான். கடையில் வாங்கும் சாஃப்ட்வேருக்கு ஆந்திர அரசு விற்பனை வரி போட்டது. சாஃப்ட்வேர் என்பது அறிவுச் சொத்து, சரக்கு அல்ல என்று வாதாடியது டாடா கன்சல்டன்சி சர்வீசஸ். 2004 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. வட்டில் பதிந்து விற்கும்போது அது சரக்கே என்றார்கள். வரி போடும்போது சரக்கு, வாங்கியவர் உரிமை கேட்கும்போது அனுமதி என்ற இந்த இரட்டை வேஷம் வாடிக்கையாளரைக் குழப்புவதில் வியப்பில்லை.

ஐரோப்பாவில் குழப்பம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பயன்படுத்திய லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாமா என்று ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்ட்சாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், காலக்கெடு இல்லாமல் விற்ற லைசென்ஸை விற்கலாம் என்று 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நிபந்தனைகள் உண்டு. விற்பவர் தன் கம்ப்யூட்டரில் உள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிட வேண்டும். மொத்த லைசென்ஸை உடைத்து, தனக்கு மிஞ்சியதைச் சில்லறையாக விற்கக் கூடாது. மலிவாக விற்பதே குற்றம் என்பது சரியல்ல என்பதற்கு இது சாட்சி. வாட்ஸ்அப்பில் வரும் ஐநூறு ரூபாய் சாவிக்கு இந்தத் தீர்ப்பு உதவாது என்பதற்கும் இதுவே சாட்சி.

நம் நாட்டில் 1957-ம் வருட காப்புரிமைச் சட்டம் 1994-ல் திருத்தப்பட்டு, 1995 மேயிலிருந்து அமலுக்கு வந்தது. அதன் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்குக் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருடம் சிறைத் தண்டனையும், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். 'தெரிந்தே' என்ற சொல் முக்கியமானது. பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் ஐநூறு ரூபாய்க்குக் கிடைத்தபோது சந்தேகமே வரவில்லை என்று பிள்ளையார் முன் சத்தியம் செய்ய எத்தனை பேர் தயார்?

தயாராக இருப்பவர்கள் குறைவு, பயன்படுத்துகிறவர்கள் அதிகம். சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-ல் இந்தியக் கம்ப்யூட்டர்களில் இருந்த சாஃப்ட்வேரில் 56 சதவிகிதத்துக்கு முறையான லைசென்ஸ் இல்லை. கணக்கிட்டவர்கள் விற்கிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும் சின்ன எண் அல்ல.

மே மாதத்து வெள்ளிக்கிழமை

காணிப்பாக்கத்திலிருந்து திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்தால் திருப்பதி வரை பாறைக் குன்றுகள் கூடவே வருகின்றன. லைசென்ஸ் விவகாரத்தில் கோர்ட்டை விடப் பெரிய ஆபத்து எது என்பதை இந்த மாவட்டம் 2017-ல் நேரில் பார்த்திருக்கிறது.

அந்த வருடம் மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற புரோகிராம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் புகுந்து பைல்களைப் பூட்டியது. திறக்க வேண்டுமானால் 300 டாலருக்கு பிட்காயின் கொடு, தாமதித்தால் 600 டாலர் என்று திரையில் மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இந்தியாவில் முதலில் செய்தியில் அடிபட்ட இடங்களில் ஒன்று ஆந்திர போலீஸ். சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. சில நாளில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதே நோய்க்கு ஆளாயின. டிக்கெட் சேவைகள் தப்பின.

அந்த அலுவலகங்களில் திருட்டு சாஃப்ட்வேர் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. பாடம் வேறு. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்கள் தப்பின, போடாதவை மாட்டின.

கள்ளச் சாவிக்கும் இதற்கும் சம்பந்தம் இங்கேதான் வருகிறது. முறையற்ற விண்டோஸுக்கும் திருத்தங்கள் பெரும்பாலும் வரத்தான் செய்யும். ஆனால் அப்டேட் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில், அதைப் போட்டுக் கொடுப்பவரே அப்டேட்டை நிறுத்திவிடுகிறார். சித்தூர் சர்வீஸ்காரரைக் கேட்டேன். "முதல் வேலையே அதுதான் சார்" என்றார். போலீசுக்கு பயந்து நிறுத்துவது. மாட்டுவது திருடனிடம்.

சந்திரகிரியில் ஒரு கேள்வி

திருப்பதிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் சந்திரகிரி. மலையடியில் கோட்டை. விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. ராஜ மகாலில் இப்போது தொல்லியல் துறையின் மியூசியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து சிலைகளைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சென்னை மாநகரின் லைசென்ஸ் கதை இந்த ஊர் அரசர்களோடு சம்பந்தப்பட்டது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடற்கரை மணல் திட்டில் கோட்டை கட்ட பிரான்சிஸ் டே அனுமதி பெற்றது தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம். அவர் விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்டவர். நாயக்கரின் அனுமதி கையில் இருந்தும் கம்பெனி அதோடு நிம்மதி அடையவில்லை. 1645-ல் அரசர் ஸ்ரீரங்க ராயரிடமிருந்து தனியாக ஒரு சாசனம் பெற்றுக்கொண்டது. கொடுத்தவருக்குக் கொடுக்க அதிகாரம் உண்டா என்ற கேள்வியை அந்த வியாபாரிகள் மறக்கவில்லை.

மலிவு லைசென்ஸ் விஷயத்திலும் கேட்க வேண்டியது இதுதான். விலை என்ன என்பது இரண்டாவது கேள்வி. தள்ளுபடி யாருக்காகக் கொடுக்கப்பட்டது, அதை எனக்கு விற்கிறவருக்கு விற்க அதிகாரம் உண்டா என்பது முதல் கேள்வி. மாணவருக்கு மாணவர் விலை நேர்மையான தள்ளுபடி. புதுக் கம்ப்யூட்டரோடு வரும் விண்டோஸ் நேர்மையான தள்ளுபடி. ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கொடுத்து, கடையின் பெயரில் லைசென்ஸ் எழுதித் தரும் வியாபாரி பண்டிகைக்காக விலையைக் குறைத்தால் அதுவும் நேர்மையானதே. பதிவு பெற்ற வியாபாரி அந்த பில்லில் உள்ள 18 சதவிகித வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியும். பில் இல்லாத சாவிக்கு இந்தச் சலுகை கிடையாது. நாளை அது செல்லாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு விலாசமும் கிடையாது.

டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர்

திருப்பதியில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தரிசன டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, ஆதார் எண் இருக்கிறது. இன்னொருவர் பெயரில் உள்ள 300 ரூபாய் டிக்கெட்டைத் தரகரிடம் வாங்கிக்கொண்டு மலை ஏறினால், கியூவில் சரிபார்க்கும் இடம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அங்கே தடுத்து நிறுத்தும்போது தரகர் கூட இருக்க மாட்டார். போலி இணைய தளங்களைப் பற்றியும் தரகர்களைப் பற்றியும் தேவஸ்தானம் எத்தனை முறை எச்சரித்தாலும் ஏமாறுகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அங்கலாய்க்கும் நண்பரேதான் ஐநூறு ரூபாய் சாவி வாங்கத் தயாராக இருந்தார். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அது வேற, இது வேறன்னு நெனச்சுட்டேன் சார்."

மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். முதலாவது, டி.டி.பி. வேலைக்கானது, கம்பெனித் தயாரிப்பு. விண்டோஸ் லைசென்ஸ் மெஷினுக்குள்ளேயே பதிந்து வந்திருந்தது. முறையான விண்டோஸ் 10 இருந்து, மெஷினும் தகுதியானதாக இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறப் பணம் வேண்டாம். செட்டிங்ஸில் அதற்கான பொத்தான் ஆறு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தது. தெலுங்கு பத்திரிகைக்கு அவர் நம்பியிருக்கும் பேஜ்மேக்கரும் அனு எழுத்துருவும் புதிய விண்டோஸில் ஓடுமா என்பதை மட்டும் முதலில் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாவது, லேப்டாப். அதற்கும் அதே கதை.

மூன்றாவது, பத்து வருடத்துக்கு முன் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய மெஷின். அதன் பிராசஸர் விண்டோஸ் 11 கேட்கும் தலைமுறையைச் சேர்ந்ததல்ல. ஐநூறு ரூபாய்க்கு வாங்கினாலும் ஐயாயிரத்துக்கு வாங்கினாலும் சாவி அதற்கு உதவப் போவதில்லை. மூன்று சாவி வாங்க இருந்தவருக்கு ஒன்று கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த மூன்றாவது மெஷின் வேறொன்றைக் காட்டியது. அதைக் கட்டிக் கொடுத்தவர் ஆக்டிவேட்டரைப் போட்டிருந்தார். அப்டேட் நின்று மூன்று வருடத்துக்கு மேலாகிறது. ஆன்டி வைரஸ் இல்லை. பக்தர்களுக்கு அறையும் டிக்கெட்டும் பதிவு செய்வது இதில்தான். டெஸ்க்டாப்பில் 'ஆதார்' என்று ஒரு போல்டர். உள்ளே வருடக்கணக்காக வந்து போனவர்களின் ஆதார் அட்டைகள், போட்டோவோடு. திருச்சி, மதுரை, ஓசூர், புதுச்சேரி. கைக்குழந்தையின் அட்டை கூட இருந்தது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்மளை நம்பிக் குடுத்தாங்க சார்" என்றார் பிறகு.

மலிவு லைசென்ஸ் ஆபத்தானதா என்று கேட்கும்போது நாம் நம்முடைய ஆபத்தை மட்டும்தான் கணக்கிடுகிறோம். சாவி ரத்தாகும், ஐநூறு ரூபாய் போகும், அவ்வளவுதானே என்று. வீட்டில் சினிமா பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் ஆடிட்டர் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருப்பது கட்சிக்காரர்களின் கணக்கு. கிளினிக் கம்ப்யூட்டரில் இருப்பது நோயாளிகளின் ரகசியம். இந்த எட்டடிக் கடையில் இருப்பது முகம் தெரியாத குடும்பங்களின் அடையாளம். தள்ளுபடி கடைக்காரருக்கு, ஆபத்து வாடிக்கையாளருக்கு என்று ஆகிவிடுகிறது. இந்தப் பங்கீடு நியாயமில்லை என்பதால்தான் பதில் 'வேண்டாம்'. போலீசுக்காக அல்ல.

'வேண்டாம்' என்று சொல்கிறவருக்கு மாற்று வழி சொல்லும் கடமையும் உண்டு. பழைய மெஷினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டோம். பைசா செலவில்லை, முழுக்கச் சட்டபூர்வம். பதிவு செய்ய பிரவுசர் போதும், அது இருந்தது. பிரின்டரும் ஒரு மணி நேரப் பிடிவாதத்துக்குப் பிறகு வழிக்கு வந்தது. கேரளப் பள்ளிகள் இலவச சாஃப்ட்வேருக்கு மாறி இருபது வருடத்தை நெருங்குகிறது. தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் லினக்ஸுக்கு மாறியது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் போதும் என்பது பலர் அனுபவம். எல்லோருக்கும் இது பொருந்தாது. குறிப்பிட்ட கணக்கு சாஃப்ட்வேரையோ வடிவமைப்பு சாஃப்ட்வேரையோ நம்பித் தொழில் செய்கிறவர் முழு விலையோ மாதச் சந்தாவோ கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடை வாடகை மாதிரி அதுவும் தொழிலின் செலவு.

சாயங்காலம் கோவிந்தராஜர் கோயில் கோபுரத்தில் விளக்கு எரிந்தபோது 'ஆதார்' போல்டர் எல்லா மெஷின்களிலிருந்தும் போயிருந்தது. சாவி வியாபாரியிடமிருந்து போன் வந்தது. "வேணாம் அன்னா, இருக்கறதே போதும்" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு வைத்தார் நண்பர்.

மறுநாள் காலை மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன். கடை வாசலில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. தெலுங்கில் மேலே, தமிழில் கீழே: 'பதிவு முடிந்ததும் உங்கள் ஆதார் நகல் உங்கள் கண் முன்னே அழிக்கப்படும்.' எழுத்துரு மட்டும் கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவது.